காயலுக்கு வந்த ஒற்றர்கள்

பகடி என்பது மூலத்தை அறிந்தவனுக்குத்தான் என்று ஓர் எண்ணம் நம் விமர்சனத்தில் விசாரணையில்லாமல் புழங்கி வருகிறது. தேவனின் துப்பறியும் சாம்பு 1940-களில் ஆனந்த விகடனில் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அதற்குமுன் ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் கரைத்துக் குடித்தவர்கள் என்பது மெய்தான். மாதிரி தெரிந்திருந்ததால் கோணல் தெரிந்தது. ஆனால் மாதிரியையே பார்த்திராத ஒருவர் கோணலை மட்டும் பார்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நம் பக்கங்களில் அதிகம் எழுந்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு ஒன்றும் புரியாது, எழுந்து போய்விடுவார் என்று வைத்துக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்.

காயல்பட்டினத்தில் சினிமாக் கொட்டகை கிடையாது, சாராயக்கடை கிடையாது, போலீஸ் ஸ்டேஷன் கிடையாது என்று மூன்றையும் சேர்த்து அடுக்கிச் சொல்வது ஊர்க்காரர்களின் வழக்கம். வெளியூரில் யாரைப் பார்த்தாலும் ஐந்தாவது நிமிஷத்தில் இது வந்துவிடும். கொட்டகை இல்லை என்பதற்குச் சினிமா இல்லை என்று அர்த்தமல்ல. ஆண்கள் ஐந்தாறு மைல் தள்ளித் திருச்செந்தூருக்குப் போய்ப் பார்த்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் கொழும்பில் பார்த்தார்கள். இல்லாமல் இருந்தது பெண்களுக்குத்தான். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு அதுவும் மாறியது. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்திருந்தும் அது எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கொழும்பு அலைக்கோ நடுவில் கடலைத் தவிரத் தடையில்லை. மாடிக்கு மாடி ஆன்டெனாக்கள் தென்கிழக்கைப் பார்த்துத் திரும்பி நின்றன. சொந்த நாட்டுக்கு முதுகைக் காட்டி நின்றன என்று யாராவது அறிக்கை எழுதியிருக்கலாம். இந்த மாதிரி வாக்கியங்கள் அறிக்கைகளுக்கு உகந்தவை.

அதே வருஷங்களில்தான் சபுராளிகள் - சபர் போய்த் திரும்புகிற ஆண்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது - டெக் கொண்டு வந்தார்கள். வீடியோ கேசட் ரெக்கார்டரை அன்று எல்லோரும் டெக் என்றுதான் சொன்னோம். துபாய், ஜித்தா, ஹாங்காங் என்று வந்த திசைக்குத் தக்கபடி அதன் மேல் எழுத்து மாறும். தமிழ்நாடெங்கும் காசு வாங்கி வீடியோவில் படம் காட்டும் கூடங்கள் பெருகி, 1984-ல் வீடியோ வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த மாநில அரசு சட்டமே கொண்டுவந்தது. எங்களிடம் அதெல்லாம் கூடம் அளவுக்கு வளரவில்லை, வீட்டுக்குள்ளேயே நின்றது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். ஆக, தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் ஆண் கூட்டிப்போய்க் காட்டிய சினிமா, காயலில் பெண்ணின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உட்கார்ந்தது. கேசட்டுகள் முடுக்கு வழியே - வீடுகளுக்கு நடுவில் பெண்கள் நடமாடுவதற்கென்று விட்டிருக்கும் சந்து வழியே - முந்தானைக்குள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போயின. எந்தப் படத்தை நிறுத்துவது, எதைத் திரும்ப ஓட்டுவது, எந்தப் பாட்டு வந்தால் பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்புவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. தணிக்கை வாரியத்தைவிடக் கறாரான ரசனை அது. சில சமயங்களில் அதைவிட நியாயமானதும்கூட.

இந்தப் பின்னணியில்தான் ஒற்றர் படங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஜேம்ஸ் பாண்டுக்கு முன்பே பிரெஞ்சில் ஓர் ஒற்றன் இருந்தான். ழான் ப்ரூஸ் என்ற எழுத்தாளர் 1949-ல் ஆரம்பித்த வரிசை. ஒற்றனுக்கு ஓ.எஸ்.எஸ். 117 என்று எண். இயன் ஃப்ளெமிங்கின் முதல் பாண்டு நாவல் வந்தது 1953-ல்தான். பாண்டு திரையில் வெற்றிபெற்றதும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எண்ணைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த வரிசையில் 1964-ல் பாங்காக்கில் நடக்கிற மாதிரி ஒரு படம் வந்தது. அதைத் தழுவி 1966-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததுதான் வல்லவன் ஒருவன். ஆர். சுந்தரம் இயக்கம், ஜெய்சங்கர் கதாநாயகன். தென்னகத்து ஜேம்ஸ் பாண்டு என்று அவருக்குப் பட்டம் ஒட்டியது இந்த மாதிரிப் படங்களால்தான். உண்மையில் அவர் தென்னகத்து 117. அதே ஆண்டு தெலுங்கில் கிருஷ்ணா நடித்த படத்துக்கு கூடாச்சாரி 116 என்று பெயர். 1968-ல் எம்.ஜி.ஆர். ரகசிய போலீஸ் 115 ஆனார். ஆளுக்கு ஓர் எண் இறங்கி வந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் நூறுக்குக் கீழே போயிருக்கும்.

இந்தப் படங்களைப் பகடி என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் அவற்றில் பாதி பகடி ஏற்கெனவே கலந்திருக்கிறது. ஜெய்சங்கர் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் விதத்தில், இதை நீங்களும் நம்ப வேண்டாம் நானும் நம்பவில்லை என்ற ஓர் உடன்பாடு தெரியும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் படங்கள் கேலியின் நிழல்கூட இல்லாமல் படுதீவிரமாக இருந்தன. வில்லனின் இடம் கடற்கரையில் இருக்கும். கடத்தல் சரக்கு தோணியில் வரும். ஒற்றன் மாறுவேடம் போட்டால் பெரும்பாலும் ஒட்டுத்தாடி, குல்லா, லுங்கி. எங்கள் தெருவில் அசருக்குத் தொழப் போகிறவர்கள் எல்லோரும் உடுத்துகிற உடுப்பு திரையில் மாறுவேடமாக இருந்தது. சின்ன வயதில் திருச்செந்தூர்க் கொட்டகையில் அதைப் பார்த்து நானும் விசில் அடித்திருக்கிறேன். கூட வந்த காக்காமாரும் அடித்தார்கள். பார்க்கிறவன் எப்போதும் ஒற்றனின் கண்ணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். சினிமாவின் ஏற்பாடு அப்படி.

2006-ல் அதே 117 பிரான்சில் திரும்பவும் வந்தான், இந்தத் தடவை வெளிப்படையான பகடியாக. படத்தின் பெயரைத் தமிழில் 'கெய்ரோ, ஒற்றர்களின் கூடு' என்று வைத்துக்கொள்ளலாம். இயக்கியவர் மிஷேல் அசனாவிசியூஸ், நடித்தவர் ழான் துழார்தான். இதே இருவரும் பிற்பாடு எடுத்த மௌனப்படம் 2012-ல் ஆஸ்கர் வாங்கியது. கதை 1955-ல் நடக்கிறது. ஒற்றனைக் கெய்ரோவுக்கு அனுப்புகிறார்கள். சக ஒற்றன் செத்ததைத் துப்பறிய வேண்டும், போகிற போக்கில் மத்தியக் கிழக்கில் சமாதானத்தையும் ஏற்படுத்திவிட வேண்டும். வெளிப்பார்வைக்கு அவன் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனியை நடத்துகிறான். அழகன், நன்றாக உடுத்துகிறவன், ஆனால் அடிமுட்டாள். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை முட்டாள். தான் வந்திருக்கிற நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதது மட்டுமில்லை, தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றுவதில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாகத் தங்கள் ஜனாதிபதி ரெனே கோட்டியின் படத்தைக் கொடுக்கிறான்.

இரண்டு வருஷங்களுக்கு முன் மருமகள் - ராத்தாவின் கடைசி மகள் - இதைப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். அவளுக்கு மத்ரசாவில் படித்த அரபியும் காலேஜில் படித்த ஆங்கிலமும் உண்டு. படம் பிரெஞ்சில் ஓடியது, கீழே ஆங்கில எழுத்து. அவள் அதை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ராத்தாவுக்கு அறுபது கடந்துவிட்டது. மச்சான் ஜித்தாவில் முப்பது வருஷம் கடையில் இருந்துவிட்டு வந்தவர். இஷா தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம்.

ராத்தா ஒரு ஜேம்ஸ் பாண்டு படம்கூடப் பார்த்ததில்லை. நம் கோட்பாட்டின்படி அவளுக்கு இந்தப் படத்தில் எதுவும் கிடையாது. அறுபதுகளின் வண்ணப் படங்களைப் பார்த்துச் செய்த ஒளியமைப்பு, காரின் ஜன்னலுக்குப் பின்னால் வேண்டுமென்றே பொருந்தாமல் ஓடுகிற தெரு, சண்டையில் அடி படாமலே விழுகிறவர்கள், இதையெல்லாம் பார்த்து நான்தான் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவனின் சிரிப்பு. ராத்தா இவற்றில் எதற்கும் சிரிக்கவில்லை. கோழிப்பண்ணையில் விளக்கைப் போட்டால் கோழிகள் மொத்தமாகக் கத்துகின்றன, அணைத்தால் அடங்கிவிடுகின்றன. ஒற்றன் வேலையை மறந்து ஒரு குழந்தை மாதிரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான். அங்கே சிரித்தாள். பிறகு சூயஸ் கால்வாயைப் பார்த்துவிட்டு, நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இப்படிக் கட்டியிருக்கிறார்களே என்று அவன் எகிப்தியரைப் பாராட்டுகிறான். அது வெட்டி எண்பத்தாறு வருஷம்தான் ஆகிறது என்று உடனிருக்கிற லார்மினா என்ற பெண் திருத்துகிறாள். திறந்தது 1869. இங்கே மச்சான் சிரித்தார். சோபாவின் கையைத் தட்டிச் சிரித்தார். ஜித்தாவில் இப்படிப்பட்ட ஆள்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்த்ததாகச் சொன்னார்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. விடிவதற்கு முன் ஒற்றன் தூங்கிக்கொண்டிருக்கிறான். பாங்கு சொல்லுகிற சத்தம். எங்கள் வீட்டில் பாங்கு கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்கள். யோசித்துச் செய்கிற காரியமல்ல, கை தானாகப் போகும். படத்தில் பாங்கு கேட்டதும் ராத்தாவின் கை போய்விட்டது. தலையில் துணியை இழுத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைக்க ரிமோட்டையும் தேடினாள். அது படத்தின் பாங்கு என்று அவளுக்கு உறைப்பதற்குள், திரையில் இவன் எழுந்து போய், மினாரில் ஏறி, மோதினாரின் வாயை அடைத்துவிட்டான்.

அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளூர ஒரு பயம். இதை இந்த வீட்டில் போட்டுக் காட்டியதற்கு நானும் உடந்தை. "அதெ நிப்பாட்டு புள்ளே" என்றார் மச்சான். மருமகள் என்னைப் பார்த்தாள். ராத்தா தலைத்துணியை எடுக்காமலே, "இருக்கட்டும். இவன் என்ன ஆவப்போறான்னு பாக்கணும்" என்றாள்.

பார்த்தோம். அவன் ஒன்றும் ஆகவில்லை. லார்மினா கொதிக்கிறாள், அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அவள் மார்க்கத்தில் மது கூடாது என்று கேள்விப்படும்போது, சீக்கிரமே உனக்கே இது அலுத்துப்போய்விடும் என்று ஆறுதல் சொல்கிறான். கடைசியில் வேலை வெற்றி என்று மேலிடம் பாராட்டுகிறது. அவன் திருந்துவதில்லை. படம் முடிந்து எழுத்து ஓடும்போது ராத்தா கேட்டாள்: "இவனெயெல்லாம் யாரு தம்பி அனுப்புறா?"

இந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பகடியைப் பார்த்தவர் கேட்கிற கேள்வியே அல்ல அது. மூலத்தை அறியாததால் அவள் படத்தைப் பகடி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு முட்டாள் அதிகாரத்தோடு வந்து இறங்கிய கதையாக, நடந்த சம்பவமாக எடுத்துக்கொண்டாள். யதார்த்தப் படம் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் ஒரு சினிமா மரபின் மீது வைத்த கேலியைப் பார்த்தேன், அவள் ஒரு வரலாற்றுப் படத்தைப் பார்த்தாள். எது சரியான பார்வை என்று கேட்டால் அவள் பக்கம்தான் என்பேன். அதற்கு ஆதாரம் சினிமாவில் இல்லை, எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது.

காயலுக்கு வந்த வெளியாள்களில் பெயர் தெரிந்த ஆள் மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர். அவர் பார்த்தது இன்றைய காயல்பட்டினத்தையா, தாமிரபரணிக்கு வடக்கே இருக்கிற பழையகாயலையா என்ற சர்ச்சையை கால்டுவெல் பழையகாயல் என்று தீர்த்துவைத்தார். எங்கள் ஊரில் அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. போலோ கூர்மையானவர். ஹோர்முஸ், கிஷ், ஏடன் எங்கிருந்தெல்லாம் கப்பல் வருகிறது, குதிரை எப்படி இறங்குகிறது, அரசன் எவ்வளவு நகை பூட்டியிருக்கிறான், எல்லோரும் ஓயாமல் வெற்றிலை மெல்லுகிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். பாண்டிய நாட்டில் குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டுச் சாகடிக்கிறார்கள் என்பார். லாடக்காரர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டிவருவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும் என்றும் எழுதியிருக்கிறார். நல்ல உளவு அது. வியாபாரியின் உளவு, விலை தெரிய வேண்டியவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான்.

அடுத்த ஆள்தான் 117. வாஸ்கோ டா காமாவின் முதல் பயணத்தில், 1497-லிருந்து 1499 வரை, உடன் வந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. 1498-ல் கள்ளிக்கோட்டையில் இறங்கியதும் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போகிறார்கள். அதை மாதா கோயில் என்று நினைத்து இவர்கள் மண்டியிட்டுத் தொழுகிறார்கள். சுவரில் வரைந்திருந்த தெய்வங்கள் புனிதர்களாம். ஆனால் இந்தப் புனிதர்களுக்குப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நாலைந்து கைகள் இருக்கின்றன என்பதையும் எழுதுகிறார். எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார். கண் பார்த்ததைப் புத்தி ஏற்கவில்லை. அனுப்பியவர்கள் கிழக்கே கிறிஸ்துவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆகவே இருந்தார்கள். அந்தக் குறிப்பின் கடைசியில் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள ராஜ்யங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. இன்றைய பாஷையில் சொன்னால் ராணுவ உளவறிக்கை. ராஜ்யத்தின் பெயர், எத்தனை நாள் பயணம், எத்தனை போர்வீரர்கள், எத்தனை யானை, என்ன சரக்கு. அதில் காயலும் உண்டு. அரசன் முஸ்லிம், குடிகள் கிறிஸ்துவர்கள், முத்து நிறைய உண்டு.

முத்து நிறைய உண்டு என்பது மட்டும் சரி.

இதை வாசித்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. சூயஸ் கால்வாயைப் பார்ஓன்கள் வெட்டினார்கள் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அறிக்கை பிழையாக இருந்ததால் அது பலிக்காமல் போய்விடவில்லை. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் மதம் மாறிப் போர்ச்சுகலின் பாதுகாப்புக்குள் போனார்கள். 1538-ல் வேதாளையில் கள்ளிக்கோட்டை மரைக்காயர்களின் கப்பல்படை முறியடிக்கப்பட்டது. நாற்பதே வருஷத்தில் கடல் கைமாறியது. குடிகள் கிறிஸ்துவர்கள் என்று 1499-ல் தப்பாக எழுதியது, கரையின் ஒரு பகுதியில் பின்னர் நிஜமாகவே ஆகிவிட்டது! உளவறிக்கை உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அனுப்பியவனிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். கிரஹாம் கிரீன் 1958-ல் எழுதிய ஹவானா நாவலில் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்கிறவன் அந்த இயந்திரத்தின் பாகங்களை வரைந்து ரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புவான். அங்கே அதை நம்புவார்கள். கிரீன் பெரிதாகக் கற்பனை செய்துவிடவில்லை. 2006 படமும் அப்படித்தான். 1955-ல் கெய்ரோவில் கோட்டியின் படத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அடுத்த ஆண்டு, 1956 ஜூலை 26-ல் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும், அக்டோபர் கடைசியில் இஸ்ரேலையும் பிரிட்டனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படையெடுத்தார்கள். யார் அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. ராத்தா சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள்.

இனி நம் பக்கம். தமிழில் ஒற்றர் படத்தையும் கேலியையும் வேண்டுமென்றே கலந்து பெரிய செலவில் எடுத்தது 1986-ல் வந்த விக்ரம். சுஜாதாவின் கதை, ராஜசேகர் இயக்கம், கமல்ஹாசன். அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருடு போய், ஒற்றன் சலாமியா என்ற நாட்டுக்குப் போகிறான். நாடு கற்பனை, ராஜஸ்தானில் எடுத்தது. மொழியும் கற்பனை. அரசராக அம்ஜத் கான், மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ். இந்தப் படத்தையும் எங்கள் வீட்டில் டெக்கில்தான் பார்த்தோம். ஜனகராஜுக்கு நான் இன்றும் சிரிப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கேலி எதன் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றன் புத்திசாலி, விஞ்ஞானம் அவன் பக்கம். அபத்தம் முழுவதும் சலாமியாவின் தலையில். உடை அபத்தம், வழக்கம் அபத்தம், பேச்சு வெறும் ஓசை. பெயரிலேயே ஒரு சலாம். அன்று இந்த ஓசை மொழியைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களில், தமிழை அரபி எழுத்தில் எழுதிப் படித்த கடைசித் தலைமுறைப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அர்வி என்கிற அரபுத்தமிழ் எங்கள் கடற்கரையில் சில நூற்றாண்டுகள் சட்டத்தையும் வைத்தியத்தையும் பாட்டையும் சுமந்த எழுத்து. அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும், அவன் பேசுறதுக்கு நெசமாவே அர்த்தம் உண்டுமா என்று கேட்டது ஞாபகமிருக்கிறது. இல்லை என்றோம். ஏமாற்றமாகப் போயிற்று அவருக்கு.

பிற்பாடு தமிழில் பகடி என்ற பெயரோடே படங்கள் வந்தன. 2010-ல் தமிழ்ப்படம், 2018-ல் அதன் இரண்டாம் பாகம். இவை சினிமாவைப் பார்த்துச் சினிமா செய்கிற கேலி. இந்தக் காட்சி அந்தப் படத்திலிருந்து, அந்த வசனம் இந்த நடிகருடையது என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம். குறுக்கெழுத்துப் போட்டிச் சந்தோஷம். இவற்றை ராத்தாவுக்குப் போட்டுக் காட்டினால் நம் கோட்பாடு நூற்றுக்கு நூறு சரியாக வரும். மூலம் தெரியாமல் ஒரு காட்சியும் நிற்காது. அதைக் குறை என்று சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் இருப்பது பிம்பத்தின் மீதான கேலி மட்டுமே. பார்க்கிற கண்ணின் மீது கேலி இல்லை. ஒட்டுத்தாடியும் குல்லாவும் போட்டுக்கொண்டு கடற்கரை ஊருக்குள் நுழைகிற ஒற்றன் எவ்வளவு அபத்தமானவன் என்று ஒரு தமிழ்ப்படம் இதுவரை எடுத்திருந்தால், நான் அதைப் பார்க்கவில்லை.

இதைத் திருநெல்வேலியில் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. வெள்ளைக்காரன் தன்னையே கேலி செய்துகொள்வது அவனுக்கு ஒரு சொகுசு, பாங்கை நிறுத்துகிற காட்சியில் பாரிஸ் கொட்டகையில் சிரித்தவர்கள் ஒற்றனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். உத்தரவாதம் கிடையாது. படத்தின் பலவீனமும் அங்கேதான். லார்மினாவைத் தவிர எகிப்தியர் யாருக்கும் முகம் இல்லை. கெய்ரோவும் கெய்ரோ அல்ல, மொராக்கோவில் எடுத்தது. துழார்தானின் அழகு முட்டாள்தனத்துக்குக்கூட ஒரு கவர்ச்சியைக் கொடுத்துவிடுகிறது. மச்சான் நிறுத்தச் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் நிறுத்தியிருந்தால் ராத்தா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். இந்த இரண்டையும் சமன்செய்ய எனக்குத் தெரியவில்லை, அவசியமும் தோன்றவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. சலாமியா என்பது கற்பனைப் பெயரே தவிர, ஏறக்குறைய அதே உச்சரிப்பில் சலமிய்யா என்று நிஜமாகவே ஓர் ஊர் சிரியாவில் இருக்கிறது. 1934-ல் அங்கே பிறந்தவர் முகம்மது அல் மாகூத். அரபியில் யாப்பை விட்ட கவிதையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர், 2006-ல் இறந்தார். நம்மில் பலர் அவரைக் கவிஞர் என்ற அளவில் கேள்விப்பட்டிருப்போம். அவர் சினிமாவுக்கும் எழுதினார். 1984-ல், நம் சலாமியாவுக்கு இரண்டு வருஷம் முன்னால், துரைத் லஹ்ஹாம் இயக்கி நடித்த அல் ஹுதூத் - எல்லைகள் - அவருடையது. இதிலும் நாடுகள் கற்பனை. ஒன்றுக்குக் கிழக்கிஸ்தான் என்கிற மாதிரிப் பெயர், மற்றதற்கு மேற்கிஸ்தான். ஒரு காரோட்டி இரண்டு எல்லைச் சாவடிகளுக்கும் நடுவில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடுகிறான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத அந்த இடத்திலேயே ஒரு கடையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். ஒற்றர்கள் கிடையாது. எல்லோரையும் ஒற்றன் என்று சந்தேகிக்கிற அதிகாரிகள் மட்டும் இருக்கிறார்கள். கற்பனை நாட்டை வைத்து அந்த ஊர்க்காரர் தங்கள் அரசாங்கங்களைக் கேலி செய்திருக்கிறார். நாம் அந்தப் பெயரை வைத்து அவர்களைச் செய்தோம்.

பாஸ்போர்ட் எங்கள் ஊரில் குரான் வைக்கிற அலமாரியின் அடுத்த தட்டில் இருக்கும். கொழும்புக்குப் போன வாப்பாமார் காலம்தொட்டு அப்படித்தான். அதனால் மருமகள் இந்தப் படத்தைத் தேடிப் பிடித்ததும் ராத்தா உடனே உட்கார்ந்துவிட்டாள். கீழே எழுத்து இல்லாத பிரதிதான் கிடைத்தது. பேச்சு சிரியாவின் கொச்சை. மருமகளுக்குத் தெரிந்தது கிதாபு அரபி, மச்சானுக்குத் தெரிந்தது ஜித்தாக் கடைத்தெரு அரபி. பாதி அவளுக்கு விளங்கியது, பாதி அவருக்கு. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாத இடங்களில் ராத்தா தானே ஓர் அர்த்தம் சொல்லிவிட்டு, மேலே ஓட்டச் சொன்னாள்.